இந்தா, தா

"நேரம் வந்தா பேசும்." எங்கள் வீட்டில் குழந்தையின் பேச்சைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டது இந்த ஒன்றுதான். என் கணவர் மூன்று வயதுக்கு மேல்தான் வாய் திறந்தாராம். என் சித்தப்பா அதற்கும் பிந்தி. இருவரும் பின்னால் நன்றாகவே பேசினார்கள் என்பதால், அந்த நம்பிக்கைக்கு வீட்டுக்குள்ளேயே சாட்சி இருந்தது. அந்த வீட்டில்தான் என் மகள் இரண்டு காதும் கேட்காதவளாகப் பிறந்தாள்.

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் அவள் காதில் சின்ன ரப்பர் முனையை வைத்துச் சோதித்தார்கள். ஓ.ஏ.ஈ. என்று பெயர். மெல்லிய ஒலியைக் காதுக்குள் அனுப்பினால், நலமான உட்காது தானும் ஒரு நுண்ணிய ஒலியைத் திருப்பி அனுப்பும்; கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். என் மகளின் காதுகள் எதையும் திருப்பி அனுப்பவில்லை. பிறந்த சில நாள்களுக்குப் பல குழந்தைகளின் காதில் நீர் தங்கியிருக்கும், அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்றார்கள். அடுத்த மாதமும் அதே முடிவு. பிறகு மதுரையில் பெரா சோதனை. தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, ஒலி கேட்கும்போது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். 90 டெசிபல் வரை கூட்டினார்கள். கோடு அப்படியே கிடந்தது.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். டெசிபல் என்றால் என்ன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். அந்தக் கோட்டின் பொருள் எனக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

வீட்டில் யாரும் நம்பவில்லை. "பிள்ளை ங்கா சொல்லுதே, காது கேக்காமலா சொல்லும்?" என்று கேட்டார்கள். எவர்சில்வர் தட்டைப் பின்னால் போட்டுப் பார்த்தார்கள், அவள் திடுக்கிட்டாள். இந்த இரண்டும்தான் எத்தனையோ வீடுகளைத் தாமதப்படுத்துகின்றன. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ங்கா சொல்லும், கூவும், சத்தமாகச் சிரிக்கும். அதற்குத் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆறு, ஏழு மாதத்தில் மற்றக் குழந்தைகள் பபப, மமம என்று அடுக்கத் தொடங்கும்போதுதான் வித்தியாசம் வெளியே தெரியும். தட்டு விழுந்தால் தரை அதிரும். அந்த அதிர்வு உடம்புக்குத் தெரியும். குழந்தை திரும்பிப் பார்ப்பதற்கு அதுவே போதும்.

நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். ஒரே மரபணுக் குறை இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட இணைக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று மருத்துவர் விளக்கினார். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் பிறவிக் காதுகேளாமை கூடுதலாக வருவதற்கு இதுதான் காரணம். அந்த நாள்களில் என் அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தை முடிவு செய்தவர் அவர். அந்தக் கசப்பை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் மகளுக்குப் பேச்சு வந்த கதையில் பாதி அந்த அத்தையின் கதை என்பதால், அதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

கருவிலிருக்கும் குழந்தைக்கு ஏறக்குறைய ஆறாம் மாதத்திலிருந்து ஒலி எட்டத் தொடங்குகிறது. பிறந்த குழந்தை அம்மாவின் குரலை வேறு குரலிலிருந்து பிரித்தறிவது அதனால்தான். 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியில் 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் எளிதாகக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் அது முடியவில்லை. காதில் விழும் மொழிக்கு எந்த ஒலிகள் வேண்டும், எவை வேண்டாம் என்று முதல் பிறந்த நாளுக்கு முன்பே மூளை பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரிப்பதற்கு என் மகளிடம் ஒரு ஒலியும் இல்லையே!

முதலில் இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி. குழந்தையின் காது மளமளவென்று வளர்வதால், கருவியைக் காதில் பொருத்தும் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டும். தளர்ந்தால் கீச்சென்று கத்தும். அது அவளுக்குப் போதாது என்று தெரிந்த பிறகு, முதல் பிறந்த நாளை ஒட்டிக் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை நடந்தது. லட்சக்கணக்கில் ஆகும் செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதை ஏற்கிறது, எங்களுக்கும் ஏற்றது. தையல் ஆறிச் சில வாரம் கழித்து வெளிக்கருவியைப் பொருத்தி 'சுவிட்ச் ஆன்' செய்தார்கள். அன்று அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைலருந்துதான் இவளுக்கு வயசு எண்ணணும்" என்றார் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட். நடக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்குக் கேட்கும் வயது சுழியம்.

இனிமேல் நான் பேச வேண்டும். இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். இயல்பிலேயே நான் குறைவாகப் பேசுகிறவள். வகுப்பில் பேசுவதோடு என் சொற்கள் தீர்ந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில், கொழுந்தனும் ஓரகத்தியும் நடமாடும் கூடத்தில், பதில் சொல்லாத குழந்தையிடம் உரக்கப் பேசிக்கொண்டிருப்பது கூச்சமாக இருந்தது. பைத்தியம் போலத் தோன்றுமோ என்ற பயம். இப்படிக் கூசுகிற தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் அதன் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். பாசக் குறைவு என்று அவர்களை யாரும் நினைத்துவிடக் கூடாது. பதில் வராத இடத்தில் பேசப் பெரியவர்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

தெரபிஸ்ட் என்னை நிறையப் பேசச் சொல்லவில்லை. கிட்டத்தில் பேசச் சொன்னார். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்று நான் நடத்தும் பாடம், எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் இடையே இருந்த இடைவெளி. தாளித்துக்கொண்டே "பாப்பா, அம்மா இங்க இருக்கேன்" என்று குரல் கொடுப்பது அவளுக்குப் பேச்சு இல்லை, இரைச்சல். இம்பிளாண்ட் உள்ள குழந்தைக்கு மட்டும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். காது நன்றாகக் கேட்கும் கைக்குழந்தைக்கும் ஓடும் டிவியிலிருந்தும் மிக்சியிலிருந்தும் அம்மாவின் குரலைப் பிரித்தெடுப்பது பெரியவர்களை விடக் கடினம். அவர் சொன்னபடி டிவியை நிறுத்தினோம். அத்தை மாலைத் தொடர்களை விட்டார். அதற்காக அவர் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை.

தினமும் காலையில் கருவியை மாட்டியதும் ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளை, வாயைக் காட்டாமல் அவள் பின்னாலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். மான்ட்ரியலில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த சோதனை இது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பேச்சின் அகலம் முழுவதும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். ஏதாவது ஒரு ஒலிக்கு அவள் திரும்பாவிட்டால், அன்று கருவியில் கோளாறு இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது அடுத்த பாடம். ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். முகத்தை அவள் பக்கம் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, அவளிடமிருந்து ஏதாவது வரும்வரை பொறுக்க வேண்டும். ஒரு பார்வை வந்தால் போதும், ஒரு கையசைப்பு, மூச்சுச் சத்தம், எதுவானாலும். வந்த உடனே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நானே விடை சொல்லிப் பழகியவளுக்கு அந்தச் சில விநாடிகள் தாங்க முடியாதவை.

ஒரு மாலையில் பள்ளி முடிந்து வந்தபோது, அத்தை திண்ணையில் என் மகளை மடியில் வைத்துப் பருப்புக் கடைந்துகொண்டிருந்தார். நம் எல்லோர் உள்ளங்கையிலும் யாரோ ஒரு பாட்டி முழங்கையால் கடைந்த அதே பருப்பு. கடைந்து, விரலுக்கு விரல் பங்கு வைத்து, மிச்சத்தை வழித்து எறிந்த பிறகு, நண்டு கிளம்பிக் கையேறி அக்குளுக்குப் போக வேண்டும். நண்டு கிளம்பவில்லை. அத்தையின் இரண்டு விரல்களும் மகளின் மணிக்கட்டில் நின்றன. அத்தை ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நண்டைப் பார்த்தாள், ஆச்சியைப் பார்த்தாள், தோளைக் குறுக்கினாள். "ஊ" என்று ஒரு சத்தம் வந்தது. "ஊருதா? ஊருது, ஊருது!" என்று அத்தை சொல்ல நண்டு ஓடியது. அவள் சிரித்துப் புரண்டு மறுபடி கையை நீட்டினாள்.

கிட்டத்தில் பேசுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, குரலை ஏற்றி இறக்குவது, குழந்தையின் முறைக்கு நிறுத்துவது, வந்ததை எடுத்து நீட்டித் திருப்பிக் கொடுப்பது. வாரா வாரம் பேருந்தேறிப் போய் நான் கற்றுவந்த அத்தனையும் அந்த ஒரு விளையாட்டில் இருந்தன. அத்தைக்கு இதற்கெல்லாம் பெயர் தெரியாது. "நிறுத்துனாத்தான கேக்கும்?" என்றார். அவர் மீதிருந்த கசப்பு அன்றிலிருந்து இறங்கத் தொடங்கியது.

நிறுத்துவதற்கும் உடனே பதில் சொல்வதற்கும் இவ்வளவு பலனா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்வேன். 2003இல் மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் உடன் ஆய்வாளர்களும் எட்டு மாதக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு குழுவில், குழந்தை ஒலி எழுப்பிய அந்தக் கணமே தாய் சிரித்தார், நெருங்கினார், தொட்டார். இன்னொரு குழுவிலும் அதே அளவு சிரிப்பும் தொடுதலும் உண்டு. ஆனால் குழந்தையின் ஒலியோடு ஒட்டாத நேரங்களில். பேச்சைப் போன்ற ஒலிகளை நோக்கி நகர்ந்தவை முதல் குழுவின் குழந்தைகள்தான். அதே ஆண்டு சியாட்டிலில் பாட்ரிசியா குல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள். ஆள் எதிரே உட்கார்ந்து பேசி, படம் காட்டி விளையாடியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆளை, அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் பிடிபடவில்லை. "கார்ட்டூன் போட்டுவிடு, அதைப் பாத்துப் பேசக் கத்துக்கும்" என்று என்னிடம் சொல்லாத உறவினர் இல்லை. திரை குழந்தைக்காக நிறுத்தாது. குழந்தை "ஊ" என்றால் அதற்குக் கேட்காது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை சைகை காட்டினால் பேச்சு வராது என்று எங்களைப் பலர் பயமுறுத்தினார்கள். 1991இல் லாரா ஆன் பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் எழுதியதைப் பிறகு படித்தேன். சைகைமொழி பேசும் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை அடுக்கும் அதே பருவத்தில் விரல்களால் மழலை அடுக்கின. மொழி வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்று குழந்தைக்குக் கட்டாயம் இல்லை. எதிரே பதில் தரும் ஆள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் வாயால் பேசுகிறவர்கள், அதனால் அந்த வழியைத் தேர்ந்தோம். கையையும் கட்டிப்போடவில்லை. இன்றும் கருவியைக் கழற்றிய பின், படுக்கையில் நாங்கள் கையால் பேசிக்கொள்கிறோம்.

குளியல் எங்களுக்கு ஒரு சிக்கல். தமிழ்க் குழந்தை அதிகம் பேச்சுக் கேட்கும் இடம், கால் நீட்டி உட்கார்ந்த பாட்டியின் முழங்காலாகத்தான் இருக்கும். கருவி நனையக் கூடாது என்பதால் அந்த நேரம் அவளுக்கு நிசப்தம். எனவே பேச்சை முழுதும் துவட்டிய பிறகு வைத்துக்கொண்டோம். கருவியை மாட்டிவிட்டு, "கை எங்க? கையைக் கொடு. சட்டைக்குள்ள கை போச்சு. வந்திருச்சு!" என்று ஒரு பெரிய உரையாடல் நடக்கும். பவுடர், மை, பொட்டு, சட்டை எல்லாமே பாடப்புத்தகம். விலை கூடிய படஅட்டைகளை யாரோ வாங்கித் தந்தார்கள். அவை பரணில் கிடக்கின்றன.

அவள் முதல் சொல்லும் அத்தையிடம்தான் வந்தது. அவரைக்காய் நறுக்க உட்காரும்போது அத்தை ஒரு காயை எடுத்து "இந்தா" என்று கொடுப்பார். கையை நீட்டி "தா" என்று கேட்பார். கொடுத்தும் வாங்கியும் ஒரு கூறு அவரை முடியும். ஒருநாள் என் மகள் முறத்திலிருந்து தானாக ஒரு காயை எடுத்து, அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டி, "ந்தா" என்றாள். அத்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன் பிறகு சொற்கள் வந்தன, விகுதிகள் வரவில்லை. தமிழில் எவ்வளவோ பொருள் சொல்லின் வாலில் தொங்குகிறது. தொட்டியில, தொட்டிக்கு, தொட்டியிலருந்து என்று நாம் சொல்லும்போது வால் பகுதியை விழுங்கிவிடுகிறோம். அவளுக்கு எல்லாமே தொட்டி. தெரபிஸ்ட் சொன்னபடி அந்த வாலை மட்டும் சற்று இழுத்து, ராகம் போட்டுச் சொன்னோம். பந்தை எடுத்துக்கொண்டு, "பெட்டிக்குள்ளேஏஏ" போட்டோம், "பெட்டிமேலேஏஏ" வைத்தோம். அவள் "பூ" என்றால், "ஆமா, பூ. அப்பா வாங்கிட்டு வந்த பூ" என்று அவள் சொல்லோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம். "சரியாச் சொல்லு" என்று திருத்தவில்லை. பள்ளிக்கு உதவுமே என்று ஆங்கிலத்தில் பேசச் சொன்னவர்கள் உண்டு. தெரபிஸ்டிடம் கேட்டேன். "உங்களுக்கு எந்த மொழியில கொஞ்ச வருமோ அதுல பேசுங்க" என்றார்.

மகளுக்கு ஐந்து வயதானபோது மகன் பிறந்தான். நான்கில் ஒன்று என்ற கணக்கு கர்ப்பம் முழுவதும் என் வயிற்றோடு இருந்தது. அவன் காதுகள் இரண்டும் சோதனையில் தேறின. எல்லோரும் சாமிக்கு நேர்ந்ததைச் செலுத்தக் கிளம்பினார்கள். நான் மகிழ்ந்தேன், மகிழ்ச்சிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஏழாம் மாதத்தில் அவன் பாட்டுக்குப் பபப என்று அடுக்கியபோது, யாரும் வாரா வாரம் பேருந்தேறாமல் இது இவனுக்கு வருகிறதே என்று மகளுக்காக எனக்கு வலித்தது. பெற்ற பிள்ளைமேல் பொறாமையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இருந்தது. அவனைத் தூக்கிவைத்து அவன் அடுக்குக்குப் பதில் அடுக்குச் சொல்லச் சொல்லத்தான் அது கரைந்தது.

அவனை வளர்க்கும்போதுதான் பிள்ளைத்தமிழின் பருவங்களை நிதானமாகக் கவனித்தேன். ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினைந்தாம் மாதம் அம்புலி என்று நம் புலவர்கள் வகுத்தது வெறும் மரபு என்றே எண்ணியிருந்தேன். ஒன்பது மாதத்தில் அவன் உண்மையாகவே கை கொட்டினான். ஒரு வயதையொட்டி விரல் நீட்டத் தொடங்கியவன், அம்புலிப் பருவத்தில் மொட்டைமாடியில் நிலாவைக் காட்டிவிட்டு, நானும் பார்க்கிறேனா என்று திரும்பி என் கண்ணைப் பார்த்தான். இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்க்கும் அந்த நேரத்தில் சொல்லும் சொல் குழந்தையிடம் நன்றாக ஒட்டுகிறது. அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசினால் போதும். நாம் காட்டுவதை அவன் பார்க்க வேண்டும் என்று முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

அவனுக்கு டேனியல் லிங்கின் ஆறு ஒலிகள் தேவைப்படவில்லை. மற்ற எல்லாம் தேவைப்பட்டன. அதிலும் நிறுத்துவது. கேட்கும் குழந்தைக்குத் தானாக வந்துவிடும் என்று வீடே அசந்துபோகிறது. கையில் போன் இருந்தால் "ஊ"வுக்குப் பதில் சொல்ல மறந்துவிடுகிறது. மகளுக்கு நான் காட்டிய பொறுமையை மகனுக்கும் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டேதான் செய்தேன். அக்காளும் கற்றுக்கொண்டாள். தம்பியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் புருவத்தை உயர்த்திக் காத்திருப்பாள், தெரபிஸ்ட் போலவே.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள், மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காதுச் சோதனை செய்ததாக இல்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் வரிசை. அது தப்பியிருந்தாலும் இப்போது போகலாம். ஒரு வயதாகியும் மழலை அடுக்காத குழந்தை, விரல் நீட்டிக் காட்டாத குழந்தை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்காத குழந்தை என்றால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். சோதனை வலிக்காது. குழந்தை அசையாமல் தூங்கினால் போதும். அன்று காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, வழியில் தூங்கவிடாமல் கூட்டிப்போய், அங்கே வைத்துப் பால் கொடுத்துத் தூங்கவையுங்கள்.